அமெரிக்காவில் கார் ஓட்டப் போகிறீர்களா?

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்கள் இன்று நம் ஊரில் ஏராளம். உல்லாசப் பயணம் போகிறவர்களும் ஏராளம்.

இவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. அந்த நாட்டின் அகலமான ரோட்டில் தாமே கார் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஆசை.

நியாயமான ஆசைதான். ரெயிலும் பஸ்சும் எட்டிப் பார்க்காத ஊர்கள் அங்கே அதிகம். மலையையும் பாலைவனத்தையும் பெரிய வனங்களையும் பார்க்க வேண்டும் என்றால், பெரும்பாலும் கார்தான் கதி.

"இருபது வருடமாகச் சென்னையில் ஓட்டுகிறேன். அண்ணா சாலையில் ஓட்டியவனுக்கு அமெரிக்கா எம்மாத்திரம்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

இந்தப் பேச்சைக் கேட்கும்போதுதான் நமக்குப் பயமாக இருக்கிறது!

அமெரிக்க ரோடு கஷ்டமான ரோடு அல்ல. நம் ரோட்டைவிடச் சுலபம். மாடு குறுக்கே படுத்திருக்காது. எதிர்த் திசையில் மோட்டார் சைக்கிள் வராது. ஆனால், அந்த இருபது வருடப் பழக்கம் இருக்கிறதே, அதுவும் நம்மோடு விமானம் ஏறி வந்துவிடுகிறது. பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். கைப்பழக்கத்தை வைத்துவிட்டுப் போக முடியாது.

பக்கம் மாறுவது

நாம் ரோட்டின் இடது பக்கம் போகிறவர்கள். இங்கிலாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் நம்மைப்போல இடது பக்கம்தான்.

அமெரிக்காவில் வலது பக்கம். 1792-ம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு நெடுஞ்சாலைக்கு "வலது பக்கமே போக வேண்டும்" என்று சட்டம் வந்தது. 1804-ல் நியூயார்க் மாநிலமும் அப்படிச் சட்டம் போட்டது. குதிரை வண்டி காலத்தில் தொடங்கிய வழக்கம் இன்றும் நடக்கிறது. வண்டியின் ஸ்டீரிங்கும் இடது பக்கம் இருக்கும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். சுவீடன் நாட்டின் கதையைக் கேளுங்கள்.

சுவீடன் முன்பு நம்மைப்போல இடது பக்கம் போன நாடு. வலது பக்கத்துக்கு மாறுவது என்று 1963-ல் முடிவு செய்தார்கள். மாறியது எப்போது தெரியுமா? 1967 செப்டம்பர் 3-ந் தேதி! இடையில் 4 வருடம் ஏற்பாடு செய்தார்கள். மக்களுக்குப் பாடம் சொன்னார்கள். அன்று விடியற்காலை 4.50 மணிக்கு எல்லா வண்டிகளையும் நிறுத்தினார்கள். மெதுவாக அடுத்த பக்கத்துக்கு நகர்த்தினார்கள். 5 மணிக்கு மீண்டும் ஓட விட்டார்கள்.

ஒரு தேசமே பக்கம் மாற 4 வருடம் தயாரானது. நாமோ, விமானத்தில் இருந்து இறங்கி, சாவியை வாங்கிய பத்தாவது நிமிடத்தில் மாறப் பார்க்கிறோம்!

எப்போது தவறு நடக்கும்?

நெரிசலான ரோட்டில் இந்தத் தவறு நடக்காது. முன்னால் ஒரு கார் போகும். அதன் பின்னாலேயே நீங்களும் போவீர்கள்.

யாருமே இல்லாத ரோட்டில்தான் நடக்கும். காலையில் ஓட்டலில் இருந்து வண்டியை எடுக்கிறீர்கள். ரோடு காலி. அல்லது, பெட்ரோல் பங்கில் இருந்து வெளியே வருகிறீர்கள். பிள்ளைகள் பின்னால் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். கை தானாக இடது பக்கம் திரும்பிவிடும். உங்களுக்கே தெரியாது. எதிரே ஒரு லாரி வரும்போதுதான் தெரியும்.

இன்னொரு ஆபத்தான இடம், இடப்பக்கம் திரும்பும் முச்சந்தி, நாற்சந்தி. நம் ஊரில் இடப்பக்கம் திரும்புவது சுலபம். ஓரமாக வளைந்தால் போதும். அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்றால், எதிரே வரும் வண்டிகளைக் கடந்து, அகலமாக வளைந்து, புது ரோட்டின் வலது பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

இதற்கு இரண்டு எளிய அடையாளங்கள் இருக்கின்றன. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடையாளம்: ஓட்டுகிறவரின் உடம்பு எப்போதும் ரோட்டின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ரோட்டு ஓரத்தில் இருக்க வேண்டும். நம் ஊரிலும் இப்படித்தான், யோசித்துப் பாருங்கள். ஓட்டுகிறவர் ஓரத்தில் இருந்தால் ஏதோ தவறு என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது அடையாளம், மஞ்சள் கோடு. அமெரிக்காவில் எதிரும் புதிருமாகப் போகும் வண்டிகளைப் பிரிப்பது மஞ்சள் கோடு. ஒரே திசையில் போகும் வண்டிகளைப் பிரிப்பது வெள்ளைக் கோடு. மஞ்சள் கோடு எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வலக்கைப் பக்கம் வந்துவிட்டால், நீங்கள் எமன் வரும் பாதையில் போகிறீர்கள்!

பக்கத்தில் இருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது பக்கம்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். "எனக்குத் தெரியாதா?" என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. விமானத்திலேயே இரண்டு பேர் உட்கார்ந்துதான் ஓட்டுகிறார்கள்.

நடந்து போகும்போதும் கவனம் தேவை. ரோட்டைக் கடக்கும்போது நாம் முதலில் வலது பக்கம் பார்ப்போம். அங்கே வண்டி முதலில் இடது பக்கத்தில் இருந்து வரும்.

முதல் நாள் வேண்டாம்

விமானம் இறங்கிய அன்று கார் ஓட்டாதீர்கள். இது நம் கண்டிப்பான யோசனை.

கலிபோர்னியாவில் கோடைக்காலத்தில் பகல் 2 மணி என்றால், சென்னையில் நள்ளிரவு கடந்து 2.30 மணி. வெளியே வெயில் அடிக்கும். ஆனால், உங்கள் உடம்பு பாயை விரித்துப் படுத்துவிடும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் நேரம் அது. அந்த நேரத்தில் புது வண்டி, புதுப் பக்கம், புது ஊர். எதற்கு இந்தச் சோதனை?

ஒரு நாள், இரண்டு நாள் நன்றாகத் தூங்குங்கள். பிறகு, காலியாக இருக்கும் ஒரு கடை மைதானத்தில் வண்டியை அரை மணி நேரம் சுற்றிப் பாருங்கள். வாடகைக் கார்கள் அங்கே அநேகமாக எல்லாமே தானாகக் கியர் மாறும் வண்டிகள். இடது காலுக்கு வேலை இல்லை. கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தால், வண்டி அப்படியே நிற்கும். பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். ஆகவே இடது காலை மடக்கி வைத்துவிடுங்கள்.

இண்டிகேட்டர் போடுவதாக நினைத்துக் கண்ணாடி துடைப்பானைப் போட்டுவிடுவீர்கள். நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் வலது பக்கம்; அங்கே இடது பக்கம். வெயிலில் துடைப்பான் ஆடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வேகம் மைல் கணக்கு. பலகையில் 65 என்று இருந்தால் நம் கணக்குக்கு மணிக்கு சுமார் 105 கிலோமீட்டர். 25 என்றால் 40 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு அங்கே "கேஸ்" என்று பெயர். காலன் கணக்கில் விற்பார்கள்; ஒரு காலன் சுமார் 3.8 லிட்டர். பெட்ரோலை நீங்களே இறங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். நியூ ஜெர்சி மாநிலத்தில் மட்டும் நீங்கள் குழாயைத் தொடக் கூடாது. ஆள் வந்து போடுவார்.

நில் என்றால் நில்

எட்டு மூலை உள்ள சிவப்புப் பலகை ஒன்று தெருவுக்குத் தெரு இருக்கும். "ஸ்டாப்" என்று எழுதி இருக்கும். அந்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும். மெதுவாக்கினால் போதாது. சக்கரம் அசையாமல் நிற்க வேண்டும். நடு இரவானாலும் சரி, கண்ணுக்கு எட்டிய தூரம் ஆளே இல்லாவிட்டாலும் சரி.

நான்கு பக்கமும் இந்தப் பலகை இருக்கும் நாற்சந்திகள் உண்டு. சிக்னல் விளக்கு இருக்காது. போலீஸ்காரரும் இருக்கமாட்டார். முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால், வலது பக்கம் இருப்பவருக்கு வழி. இதை அவர்கள் சண்டை இல்லாமல் நடத்துவதைப் பார்க்கும்போது நமக்கு ஆச்சரியமாக இருக்கும். கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

நம் ஊர் "ஃப்ரீ லெஃப்ட்" போல, அங்கே சிவப்பு விளக்கு எரியும்போதும் வலப்பக்கம் திரும்பலாம். ஆனால் முதலில் முழுதாக நிற்க வேண்டும். நடந்து போகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். "திரும்பாதே" என்று பலகை இருந்தால் திரும்பக் கூடாது. நியூயார்க் நகரத்தில் கதை நேர்மாறு. அங்கே "திரும்பலாம்" என்று பலகை இருந்தால்தான் திரும்பலாம்.

ஹாரன் அடிப்பது அங்கே திட்டுவது போல. ஆபத்து வந்தால் மட்டுமே அடிப்பார்கள். விளக்கை மின்னுவதிலும் ஒரு விபரீதம் இருக்கிறது. "நான் வருகிறேன், ஒதுங்கு" என்பதற்கு நாம் விளக்கை மின்னுவோம். அங்கே பெரும்பாலும் "நீங்கள் போங்கள்" என்பதற்குத்தான் மின்னுவார்கள். நீங்கள் மின்ன, அவர் வர, இரண்டு பேரும் நடுவில் சந்திக்க வேண்டியதுதான்!

மஞ்சள் பஸ்

எல்லா விதியையும் மறந்தாலும் இந்த ஒரு விதியை மறக்கக் கூடாது.

பள்ளிக்கூட பஸ் அங்கே மஞ்சள் நிறத்தில் இருக்கும். இந்த நிறத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1939-ம் ஆண்டு நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிராங்க் சைர் ஒரு மாநாடு கூட்டினார். விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் எந்த நிறம் பளிச்சென்று தெரியும் என்று பார்த்து, இந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பஸ் நிற்கப் போகும்போது மஞ்சள் விளக்கு மின்னும். நின்றதும் சிவப்பு விளக்கு மின்னும். பஸ்சின் பக்கவாட்டில் இருந்து "நில்" என்ற பலகை கை நீட்டுவது போல நீளும். உடனே பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் நிற்க வேண்டும். எதிரே வரும் வண்டிகளும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு உள்ள அகன்ற ரோட்டில் மட்டும், எதிர்ப்பக்கம் வருகிறவர்களுக்குப் பல மாநிலங்களில் விலக்கு உண்டு. சந்தேகம் இருந்தால் நின்றுவிடுங்கள். விளக்கு அணையும் வரை அசையாதீர்கள். ஐம்பது மாநிலங்களிலும், அந்த பஸ்சைக் கடந்து போவது குற்றம்.

ஏன் இத்தனை கெடுபிடி? இறங்கிய குழந்தை பஸ்சுக்கு முன்னால் ரோட்டைக் கடக்கும். எல்லா வண்டியும் நிற்கும் என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்து இருக்கிறார்கள். அது உங்களையும் நம்பித்தான் கால் வைக்கிறது. நீங்கள் வெளிநாட்டுக்காரர் என்பது அதற்குத் தெரியாது.

நம் குழந்தைகள் விஷயத்திலும் சட்டம் உண்டு. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. எல்லா மாநிலங்களிலும் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். "பாட்டி மடியைவிட எந்த இருக்கை பத்திரம்?" என்று கேட்கலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி திடீரென்று நின்றால், பாட்டியின் கையில் குழந்தை நிற்காது. வாடகைக் கார் எடுக்கும்போதே இருக்கையும் கேட்டு வாங்குங்கள்.

போலீஸ் நிறுத்தினால்

பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றால், போலீஸ்காரர் உங்களை நிற்கச் சொல்கிறார் என்று பொருள். வலது ஓரமாக நிறுத்துங்கள்.

அதன் பிறகு நம் ஊர் வழக்கம் என்ன? கதவைத் திறந்து இறங்கி, காகிதங்களோடு போலீஸ்காரரிடம் ஓடுவோம். அது நாம் காட்டும் மரியாதை.

அமெரிக்காவில் அப்படி இறங்கினால் அது ஆபத்து! அங்கே பொதுமக்களிடம் துப்பாக்கி சர்வ சாதாரணம். இறங்கி வருகிறவர் கையில் என்ன இருக்கிறதோ என்று போலீஸ்காரர் பயப்படுவார். ஆகவே வண்டியிலேயே இருங்கள். கண்ணாடியை இறக்குங்கள். இரண்டு கைகளையும் ஸ்டீரிங் மேல் தெரியும்படி வையுங்கள். இரவு என்றால் உள் விளக்கைப் போடுங்கள். லைசென்சு கேட்டால், "பைக்குள் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டு எடுங்கள். டாஷ்போர்டுக்குள் அவசரமாகக் கையை விடாதீர்கள்.

பணம் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்ற நினைப்பே வேண்டாம். அபராதத்தோடு போக வேண்டிய விஷயம், சிறையில் போய் முடியும்.

குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியது இல்லை. குடித்தவர் சாவியைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்.

வழி தவறினால்

அமெரிக்காவின் பெரிய நெடுஞ்சாலைகள் 1956-ல் ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்தபோது வந்த சட்டத்தால் உருவானவை. ஒற்றைப்படை எண் உள்ளவை வடக்குத் தெற்காகப் போகும். இரட்டைப்படை எண் உள்ளவை கிழக்கு மேற்காகப் போகும். இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இந்த ரோடுகளில் மெதுவாகப் போகிறவர் வலது ஓரம் போக வேண்டும். முந்துகிறவர் இடது பக்கம் போவார். முன்னால் போகும் வண்டிக்கு மூன்று விநாடி இடைவெளி விடுங்கள்.

நீங்கள் இறங்க வேண்டிய வழியைத் தவற விட்டுவிட்டால், நிறுத்தாதீர்கள். பின்னோக்கி எடுக்கவே எடுக்காதீர்கள். பின்னால் 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் வந்துகொண்டு இருக்கும். அடுத்த வழி வரும் வரை போய், இறங்கித் திரும்பி வாருங்கள். பத்து நிமிடம் தாமதமாகும். ஆகட்டும்.

ஓரமாகப் போலீஸ் வண்டியோ ஆம்புலன்சோ விளக்குப் போட்டு நின்றால், ஒரு பாதை தள்ளிப் போங்கள். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். எந்த ஆபத்துக்கும் 911 என்ற எண். 1968-ல் தொடங்கிய எண் அது.

செல்போன் காட்டும் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பாலைவனத்தில் இது உயிர் விஷயம். கலிபோர்னியாவில் "மரணப் பள்ளத்தாக்கு" என்ற பாலைவனம் இருக்கிறது. 1913 ஜூலை 10-ந் தேதி அங்கே 56.7 டிகிரி வெப்பம் பதிவாயிற்று.

1996 ஜூலை மாதம் ஜெர்மனியில் இருந்து உல்லாசப் பயணம் வந்த நான்கு பேர் அங்கே காணாமல் போனார்கள். இரண்டு பேர் பெரியவர்கள். இரண்டு பேர் குழந்தைகள். அவர்கள் எடுத்த வாடகை வண்டி அக்டோபரில், யாரும் போகாத ஒரு மலை இடுக்கில் கிடைத்தது. ஆட்களைக் காணோம். 2009-ல்தான், வண்டி கிடந்த இடத்துக்குப் பல மைல் தள்ளி எலும்புகள் கிடைத்தன.

பாலைவனத்துக்குப் போகிறவர்கள் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். வண்டி நின்றுவிட்டால், வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். தேடி வருகிறவர் கண்ணுக்கு மனிதனைவிட வண்டிதான் சீக்கிரம் தெரியும். செல்போன் அங்கே பல இடங்களில் வேலை செய்யாது.

லைசென்சும் இன்சூரன்சும்

போகும் முன் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் 1,000 ரூபாய். அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். அது மட்டும் போதாது. நம் ஊர் லைசென்சும் கூடவே கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. நீங்கள் போகும் மாநிலத்தின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாடகைக் கார் ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓட்டலாம். "கொஞ்ச தூரம் நான் ஓட்டுகிறேன்" என்று மைத்துனர் உட்கார்ந்து விபத்து நடந்தால், இன்சூரன்சு கைகொடுக்காமல் போகலாம். மகனின் சொந்தக் கார் என்றாலும் இதே கேள்வி உண்டு. அப்பா ஓட்டினால் இன்சூரன்சு செல்லுமா என்று முதலில் மகனைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே ஆஸ்பத்திரிச் செலவு எப்படிப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. அனுமதிச் சீட்டு கொடுக்கும்போது தனியாக ஓட்டிக் காட்டச் சொல்வது இல்லை. இடது பக்கம் ஓட்டிப் பழகியவருக்கு, வலது பக்கம் ஓட்ட ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புகிறோம். அதோடு இரண்டு பக்கத்தில், நல்ல தமிழில், படங்களோடு ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தால் என்ன? 1,000 ரூபாய் வாங்கும் இடத்தில் இரண்டு ரூபாய்க் காகிதம் பாரம் ஆகாது. மஞ்சள் கோட்டையும் மஞ்சள் பஸ்சையும் படம் போட்டுக் காட்டினாலே பெரிய உபகாரம்.

இவ்வளவும் படித்த பிறகு "நமக்கு இது வேண்டாம்" என்று தோன்றினால், ஓட்டாதீர்கள். அதில் கவுரவக் குறைவு ஒன்றும் இல்லை. மகனோ மருமகளோ ஓட்டட்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஊரைப் பாருங்கள்.

ஓட்டிப் பழகியவர்களுக்கு, திரும்பி வரும்போது இன்னொன்று. இரண்டு மாதம் வலது பக்கம் ஓட்டிய கை, மீனம்பாக்கத்தில் இறங்கியதும் அந்தப் பக்கத்தையே தேடும். தூக்கமும் கண்ணைச் சுற்றும். அன்று வீட்டுக்கு டாக்சியில் போங்கள்.